டாக்டர் தெய்வானையின் முதல் கேள்வி

நாமக்கல் உழவர் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கீரைக்காரப் பாப்பாத்தி, கீரைக்கட்டை என் பைக்குள் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"டீச்சர், நம்ம அம்மா போயிட்டாங்களாமுங்க. இப்பத்தான் எம்பட பெரிய புள்ள போன் பண்ணுனா."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. எருமப்பட்டிப் பக்கத்துப் பெண்கள் பெயர் சொல்லாமல் அம்மா என்று சொன்னால் அது ஒருவரைத்தான் குறிக்கும். பாப்பாத்தியின் இரண்டு பெண்களும் அவர் கையில் பிறந்தவர்கள்.

"இப்ப எங்க இருக்காங்க?" என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"ஆஸ்பத்திரிக் கீழ் ஹாலுல வெச்சிருக்காங்களாமுங்க. பொழுதோட எடுத்துருவாங்களாட்ட இருக்குது. நீங்க போங்க, நானும் கடையச் சாத்திப்போட்டு வாரேன்."

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், நான் கேட்டது என் கேள்வி அல்ல, அவருடைய கேள்வி என்பது உறைத்தது. அது எப்படி அவருடையதாயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் டாக்டர் தெய்வானையின் கையில் பிறந்தவர்கள், அல்லது அவர் கையிலிருந்து உங்கள் குழந்தையை வாங்கிக்கொண்டவர்கள். குமாரபாளையத்தில் தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் பெண் என்பதும், எருமப்பட்டிச் சுற்று ஊர்களுக்கு வந்த முதல் பெண் மருத்துவர் என்பதும், பெண்களுக்காக அவர் ஏறிய மேடைகளும் போராட்டங்களும் உங்களுக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் அவற்றை மற்றவர்கள் சொல்வார்கள். நான் எருமப்பட்டிப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு எதையும் ஓர் உதாரணம் வைத்துச் சொன்னால்தான் சொன்ன திருப்தி வரும். ஆகவே சில சம்பவங்களை மட்டும் சொல்கிறேன்.

அவர் அரசாங்க டாக்டராக முதன்முதலில் வந்த நாளில் நெஞ்சுவலி என்று ஒரு பெரியவர் வந்தாராம். நாற்காலியில் இருந்த இளம்பெண்ணைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாரும் மருந்து வாங்கிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே கேட்டாராம்: "ஏனம்மிணி, டாக்டர் எப்ப வருவாருங்க?"

"அவரு காலையிலயே வந்துட்டாருங்க. நீங்கதான் இன்னும் நோயக் காட்டல."

பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாராம். இதைச் சொல்லும்போது டாக்டர் வாய்விட்டுச் சிரிப்பார். அவர் சிரிக்க மாட்டார் என்றுதான் உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அரசாங்க வேலையை விட்டுவிட்டு எருமப்பட்டியிலேயே சிறிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றை அவர் கட்டிய புதிதில், கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு வசதிக்காரர் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அவருக்குத் தெரிய வேண்டும். சொல்வது குற்றம் என்றார் டாக்டர். அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்ல வேண்டாமுங்கம்மா. ஸ்கேன்ல பாக்கும்போது பையனா இருந்தாச் சித்த சிரிங்க, அது போதும். பொண்ணா இருந்தாச் சும்மா இருந்துக்குங்க. யாரு கேக்கப் போறா?" என்றார்.

அன்றிலிருந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும்போது அவர் சிரிப்பதை விட்டார். நலம் விசாரித்தால் சிரிப்பில்லை, வேடிக்கையாக யாராவது எதையாவது சொன்னாலும் சிரிப்பில்லை. புதிதாக வந்த நர்சுகளிடமும் "அந்த ரூமுக்குள்ள யாரும் பல்லக் காட்டக் கூடாது" என்று சொல்லிவைத்தார். கடுகடுத்த டாக்டர் என்று பேர் வாங்கினார். பிரசவம் முடிந்த பிறகு அதே பெண்ணிடம் அவர் சிரித்துச் சிரித்துப் பேசுவதைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பலர் விழித்திருக்கிறார்கள்.

அடுத்தது பேர் வைப்பது. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்து, சொந்தபந்தம் கூடி, சாவகாசமாகப் பேர் வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அதுவரை குழந்தை வெறும் பாப்பாதான். ஆண் குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு ஒரு கொண்டாட்டம். மூன்றாவதாக வந்த பெண் குழந்தைக்கு அப்படி இல்லை. அந்த நாட்களில் சில வீடுகளில் அது பேர் வைக்கும் நாளைப் பார்த்ததே கிடையாது. பேர் இல்லாமல் செத்த குழந்தைக்குச் சடங்கு இல்லை, கூடி அழுவது இல்லை. அவரவர் காட்டில் வரப்போரம் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். கேட்டால், பால் புரையேறிவிட்டது என்பார்கள்.

அதனால் டாக்டர் ஒரு வேலை செய்தார். எந்தப் பெண் குழந்தையையும் பேர் வைக்காமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி, குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேரைச் சொல்லுவார். பிறகு வார்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நர்சு, ஆயா, பக்கத்துக் கட்டில்காரி, சாப்பாடு கொண்டுவந்த மாமனார் உட்பட. "கோயில்ல வேற பேரு வெச்சுக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இங்கிருந்து போறப்ப இது பேரோடதான் போகணும்" என்பார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "பேரில்லாத ஒண்ண இல்லாமப் பண்றது சுலபம் டீச்சர்."

அதோடு விடவில்லை. சில நாள் கழித்து மஞ்சள் பையில் ஒரு கொக்கித் தராசைப் போட்டுக்கொண்டு மொபெட்டில் அந்த வீட்டுக்குப் போவார். எடை பார்க்க வந்தேன் என்பார். அவர் பார்க்க வந்தது எடையை அல்ல என்பது அந்த வீட்டுக்கும் தெரியும்.

என் வகுப்பில் ஆறாம் வகுப்புப் படித்த கவிதாவுக்கு அவர் வைத்த பேர்தான் கவிதா. மூன்றாம் வகுப்பில் இருந்த அவள் தங்கை சுகந்திக்கும் அவர்தான் பேர் வைத்தார். இவர்களுடைய அம்மா சரசு. அப்பா போர்வெல் ரிக்கில் வேலை. வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். மாமனார், மாமியார், சொந்தக் காடு, ஒரு கோழிக் கொட்டகை. ஊர்ப் பேரை நான் எழுதப் போவதில்லை. ஒரு ஊரின் பேரைச் சொன்னால் மற்ற ஊர்கள் நிம்மதியாகிவிடும்.

சரசுவுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. அது பொன்னி.

டாக்டர் தராசை எடுத்துக்கொண்டு போனபோது தூளி கழற்றப்பட்டிருந்தது. மாமியார் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். "பாலு பொரையேறிப் போச்சுங்க. ஆண்டவன் குடுத்தான், எடுத்துக்கிட்டான்" என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். சரசு உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டு, "பொன்னி எங்க சாமி?" என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. அழவும் இல்லை.

டாக்டர் அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். இன்ன வீட்டில் இன்ன பேருள்ள குழந்தையைக் கொன்றுவிட்டார்கள் என்று. அந்தக் காலத்தில், அந்த வட்டாரத்தில், அப்படி ஒரு புகாரை எழுதிக் கையெழுத்துப் போட ஆண்களே துணியவில்லை. இன்றைக்கும் இரங்கல் கூட்டத்தில் அதை அவருடைய வீரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அவர் அதைத் தன் வாழ்நாளின் பெரிய தவறு என்றுதான் சொல்வார்.

என்ன நடந்தது என்பதைப் பின்னால் சரசுவே என்னிடம் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று அவளைக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வெந்நீர் விளாவி ஊற்றினாள். ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது குழந்தையின் வாயோரம் நுரை காய்ந்திருந்தது. மாமியார், "ஊளையிடாத, அக்கம்பக்கம் கேக்கும்" என்றார். வடக்கே இருந்த கணவனுக்குப் போனில் சொன்னபோது, "செய்யறதச் செய்யுங்க" என்று வைத்துவிட்டான்.

இது புகாருக்கு முன்னால். புகார் கொடுத்த செய்தி போலீசுக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். போலீசுக்கு ஓர் ஆளைக் கொடுத்தே ஆக வேண்டும், யாரைக் கொடுப்பது என்று பேச்சு. மாமனாருக்கு வயது, மாமியாருக்குக் காட்டு வேலை, மகன் வடக்கே. மீதி இருந்தது சரசு. அவளிடம் மாமனார் சொன்ன வார்த்தைகளை அவள் சொன்னபடியே தருகிறேன்: "நீ ஒத்துக்கிட்டீன்னா ரெண்டு புள்ளைகளையும் பாத்துக்கறோம். இல்லைன்னா, மூணாவதுக்கு ஆனது உனக்குத் தெரியும்."

போலீஸ் வந்தது. நான்தான் செய்தேன் என்று சரசு சொன்னாள். அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள்.

மறுநாள் மணி அடிக்கும் முன்னால் டாக்டர் என் பள்ளி வாசலில் நின்றார். மொபெட்டை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "டீச்சர், நான் தாயை உள்ளயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

கணக்கில் பிள்ளைகள் அடிக்கடி செய்கிற தப்பு ஒன்று உண்டு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் பார்க்காமல், வெளியே உள்ளதைப் பெருக்கப் போய்விடுவார்கள். ஒவ்வொரு படியும் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். அவர் செய்தது அதுதான். சாட்சி ஒருத்திதான். கொன்றவர்களின் கைக்குள்ளேயே அவளை விட்டுவிட்டு நியாயத்தைத் தேடிப் போனார். நல்லவர்கள் கோபத்தில் செய்கிற தப்பு இது. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"அந்த ரெண்டு புள்ளைகளும் அந்த ஊட்டுலதான் இருக்குதுங்க. கொன்னவங்க ஊட்டுல. கவிதா பள்ளிக்கூடத்துக்கு வந்தாளான்னு தினமும் பாருங்க. வரலைன்னா உடனே எனக்குச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து வருகைப் பதிவு எனக்கு வெறும் சடங்காக இல்லாமல் போயிற்று. கவிதாவின் பேருக்கு முந்தைய பேர்களைச் சொல்லும்போதே கண் அவள் இடத்துக்குப் போய்விடும். "உள்ளேன் டீச்சர்" என்று வரும். மெல்லிய குரல். தலையில் எண்ணெய் இல்லாமல், யாரும் பின்னிவிடாத சடையோடு உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெயிலுக்குப் போனவள் மகள் என்று அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தையை எடுத்தவர்களைப் பற்றி ஒரு வீட்டிலும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் பதில் வரவில்லை. வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்த வேகத்துக்கு அந்த மொபெட் தாங்கியதே பெரிது. பின்னால் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாமனார் வேப்ப மரத்தடியில் கட்டிலில் இருந்தார். மஞ்சள் பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எங்கூட்டுல எட போடக் கொழந்த ஒண்ணும் இல்ல. போ."

"கவிதாவப் பாக்கணும்."

"புள்ள வேலையா இருக்குது. அவ ஆத்தாளத்தான் ஜெயிலுக்கு அனுப்பிச்சாச்சே, இன்னும் என்ன? தறிக்காரிக்கு எங்க காட்டுல என்ன சோலி?"

டாக்டர் வாசலுக்கு நடுவில் போய் நின்று, வார்டில் சொல்வதைப் போலவே, "கவிதா!" என்று கூப்பிட்டார். உள்ளே சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டார். அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். பெரியவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"எங்கூட்டுப் புள்ளையப் பேரு சொல்லிக் கூப்புட நீ யாரு?"

"அந்தப் பேர வெச்சவ."

நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குரல் கம்மிப்போனபோது நானும் சேர்ந்து கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் எதிர் வாசலிலிருந்து இன்னொரு குரல் கேட்டது: "ஏம்புள்ள கவிதா, வெளிய வாம்மிணி!" அது சரசுவுக்குத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டுப் பெண் என்று பிறகு தெரிந்தது. கோர்ட்டில் வாய் திறக்கப் பயந்தவள் அன்று அவ்வளவுதான் திறந்தாள். அதற்காகவும் நான் அவளை மறக்கவில்லை.

கோழிக் கொட்டகைப் பக்கமிருந்து கவிதா வந்தாள். முழங்கை வரை தீவன மாவு. பயந்து போயிருந்தாள், ஆனால் உயிரோடு இருந்தாள். டாக்டர் அவளைத் தொடக்கூட இல்லை, தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "தங்கச்சி எங்க சாமி?" என்றார். அவளும் கொட்டகையில்தான் இருந்தாள்.

பிள்ளைகளை நாமக்கல்லில் விடுதியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கூட்டிக்கிட்டுப் போங்க, தொல்ல விட்டுது" என்றார். விடுதிக்குத் தானே வந்து சேர்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவ்வளவு சுலபமாக இருந்தது. திரும்பி வரும் வழியில், "சண்டை போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் டீச்சர்" என்றார் டாக்டர்.

சரசுவின் வழக்கு இழுத்தது. ஜாமீனுக்கு ஆள் இல்லை. பிறந்த வீடு பனமரத்துப்பட்டியில். அண்ணன் வர மறுத்துவிட்டார். நான் நிற்கிறேன் என்று டாக்டர் போனார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அம்மா, புகார் குடுத்தவங்களே குற்றவாளிக்கு ஜாமீனா? ஜட்ஜ் நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாருங்க." ஆனாலும் தேதி தவறாமல் கோர்ட்டுக்குப் போனார், மாதா மாதம் சேலத்துக்குப் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் சரசு வந்து நிற்பாள். பிள்ளைகளைப் பற்றி இவர் சொல்வார். கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதற்குள் ஆஸ்பத்திரி காலியாகிவிட்டது. எங்கள் வீட்டு விவகாரத்தைப் போலீசுக்குச் சொல்கிறவரிடம் பிரசவத்துக்குப் போவதா என்று அக்கம்பக்கத்து ஊர்கள் பேசிக்கொண்டன. மதில் சுவரில் கரியால் என்னென்னவோ எழுதினார்கள். வெள்ளையடிக்கிறேன் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்றார். "இருக்கட்டும் டீச்சர், எழுத்துப் பிழையத் திருத்தி மட்டும் விடுங்க." அந்த நாட்களில் அவர் செய்த ஒரே வேடிக்கை அதுதான்.

சாட்சிக் கூண்டில் அவர் சொன்னதை நான் நேரில் கேட்டேன். "புகார் கொடுத்தது நீங்கள்தானே?" என்று கேட்டார்கள். "நான்தானுங்க. கொழந்தையக் கொன்னுட்டாங்கன்னு எழுதுனேன். இவ கொன்னான்னு எழுதல. புகார் சரி, புடிச்ச ஆளு தப்பு." நேரில் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "இல்லீங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்த பிறகு, ஆதாரம் போதவில்லை என்று சரசு விடுதலையானாள். குற்றம் செய்யாதவள் என்று யாரும் சொல்லவில்லை. வேறு யாரையும் பிடிக்கவும் இல்லை. மாமியார் வயதாகிப் படுக்கையில் இறந்தார். தேர் கட்டி, வாண வேடிக்கையோடு எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பொன்னியின் சாவுக்கு இன்றுவரை யாரும் பொறுப்பில்லை.

அண்ணன் வீட்டில் சில வாரம் இருந்துவிட்டுச் சரசு ஒரு காலையில் எருமப்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். வேலை வேண்டும் என்றாள். டாக்டர் சொன்னது இதுதான்: "எந்த வேலைய வேணும்னாலும் பாரு. என் மொகத்தப் பாக்கணும்னு கட்டாயம் இல்ல."

அவள் பார்க்கவும் இல்லை. பிரசவ அறையில் இருவரும் அருகருகே நிற்பார்கள். சரசு நர்சிடம், "சுடுதண்ணி போதுமான்னு கேளு சிஸ்டர்" என்பாள். டாக்டர் அதே நர்சிடம், "போதும்னு சொல்லு" என்பார். நடுவில் நிற்கிற நர்சுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நெடுநாள் இப்படியே ஓடியது. பிறகு, பனிக்குடம் உடைந்து ஒரு பெண் மோசமான நிலையில் வந்தபோது, நர்சைத் தாண்டி, "அம்மா, கை வெளிய தெரியுது!" என்று சரசு கத்தினாள். அதற்கப்புறம் வேலைக்கு வேண்டிய அளவு பேசிக்கொண்டார்கள்.

நான் டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன், அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூடாதா, உங்களுக்கும் பாரம் குறையுமே என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கிட்ட வேல செய்யறவ டீச்சர். அவ புள்ளைக படிப்பு என் கையில இருக்குது. நான் கேட்டா, ஆகட்டுங்கம்மான்னுதான் அவ சொல்ல முடியும். அதுக்குப் பேரு மன்னிப்பா? பாரம் என்னுது. அத அவ தலையில எறக்கி வெக்கறதுக்கு எனக்கு உரிமையில்ல."

ஒரே ஒரு மாற்றத்தைச் செய்தார். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணைப் பற்றி யார் வந்து என்ன சொன்னாலும், அடித்தார்கள் என்றாலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்றாலும், அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "அவ இப்ப எங்க இருக்கறா?" யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். காய்ச்சல் என்பார், ரத்தம் குறைவு என்பார், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்பார். எதையாவது சொல்லி அந்தப் பெண்ணை முதலில் தன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிடுவார். பிறகுதான் பேனாவை எடுப்பார். அப்படி எத்தனையோ பேர் தப்பினார்கள். ஒவ்வொருத்தி தப்பும்போதும் அவர் முகம் கொஞ்சம் இருண்டுதான் போகும். முன்பே இது தெரிந்திருந்தால் என்று நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொன்னி என்ற பேரை அவர் வேறு எந்தக் குழந்தைக்கும் வைக்கவில்லை. காவிரிக் கரைக் குடும்பம் ஒன்று ஆசையாக அந்தப் பேரைக் கேட்டபோது, "அது ஒரு புள்ளைக்கு வெச்சாச்சுங்க" என்று சொல்லிவிட்டாராம். அந்த நேரம் சரசு பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம்.

சந்தையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது கீழ் ஹாலில் நிற்க இடமில்லை. கால் வீங்கி, சில மாதமாகவே நாற்காலியில் இருந்தபடி நோயாளிகளைப் பார்த்து வந்தவர், அதே நாற்காலியில் காலையில் சாய்ந்துவிட்டாராம். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு குரல் அதட்டியது: "சித்த மெதுவா அழுங்க! மேல ஒரு புள்ள வலியில கெடக்குது."

சரசு. தலை நரைத்திருந்தது. கையுறையோடு நின்றாள். அவசரத்துக்கு நாமக்கல்லிலிருந்து வந்த டாக்டரோடு பிரசவ அறையில் இருந்தாள். டாக்டர் தெய்வானையைக் குளிப்பாட்டும்போதும் அவள் கீழே வரவில்லை, எடுக்கும்போதும் வரவில்லை. வண்டி போன பிறகு, பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"என்ன கொழந்த சரசு?"

"பொண்ணுதானுங்க. ரெண்டாவது. அந்த மாமியாகாரி மொகம் செரியில்ல டீச்சர். நாளைக்கு அனுப்ப மாட்டேன். மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சுக்கப் போறேன்."

கையைத் துடைத்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"அம்மா ஒரு நாளும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கலீங்க டீச்சர்."

அவர் என்னிடம் சொன்ன காரணத்தை, அன்றுதான், அவளிடம் சொன்னேன். எதிரே மதிலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"நல்லவேள, கேக்கல. கேட்டிருந்தாப் பொய் சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு மேலே போனாள். குழந்தைக்குப் பேர் வைக்க வேண்டும், வார்டில் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் தெய்வானையை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. அவருக்கே அது பிடிக்காது. தப்புச் செய்தார். அந்தத் தப்பு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இரண்டு ஆண்டுகளைத் தின்றது. அதற்கு மன்னிப்பு வாங்காமலே போனார். அந்தத் தப்பை ஒரு நாளும் மறைக்காமல், அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி வாழ்க்கை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கவிதா இன்று மேட்டூரில் ஆசிரியை. சுகந்தி கோவையில் இருக்கிறாள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.

காரியம் முடிந்த மறுநாள் என் பழைய மாணவி ஒருத்தி போனில் கூப்பிட்டாள். அவள் தெருவில் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். பெண் மாட்டேன் என்று சொன்னதற்கு அடியாம். "டீச்சர், போலீசுக்குப் போன் பண்ணட்டுங்களா?"

"பண்ணலாம் கண்ணு. அதுக்கு முன்னால சொல்லு. அவ இப்ப எங்க இருக்கறா?"

அந்தப் பக்கம் அவள் யாரையோ விசாரிப்பது கேட்டது.

"உள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க டீச்சர்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.